அரக்கும் மஞ்சளும்

“ஒரு தடவை நேர்ல போய் நின்னு, ‘நான்தான் மாத்தினேன்’னு சொல்லிட்டு வர்றதுக்கு உனக்கு என்னம்மா கேடு? ஒரு வாய் வார்த்தை. அதைச் சொன்னா உன் கௌரவம் கழண்டு கீழ விழுந்துருமா?”

வார்த்தைக்கு வார்த்தை இதுதான் சொன்னாள். நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெற்றவளைப் பார்த்து, இதோ இந்தச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, ஸ்கூல் யூனிஃபார்மை மாற்றாமல், ஷூவைக்கூடக் கழற்றாமல். அன்றைக்குத்தான் தரை துடைத்திருந்தேன். நானே துடைத்தேன். லாமாம்பா வேலையை விட்டு நின்று பத்து நாளாகியிருந்தது. ஈரம் காயவில்லை, அதில் ஷூ.

என் மகள் நித்திலாவைச் சொல்கிறேன். ஒன்றே ஒன்று. பதினேழு வயது. ‘கேடு’ என்ற வார்த்தையை எங்கே பிடித்தாளோ தெரியவில்லை. நான் வீட்டில் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

நீ உட்கார், மேகலா. நீ கேட்டதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாங்க போங்க எல்லாம் எனக்கு வராது, என் சித்தி மகள் வயதுதான் உனக்கு. வந்து மூன்று வாரம்தானே ஆகிறது? லாமாம்பா உன் வீட்டில் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வருகிறாள், எப்படிப்பட்டவள் என்று என்னிடம் கேட்க வந்தாய். கேட்டது நல்லது. கை சுத்தம். ஏழு மணி என்றால் ஏழு மணி. இட்லி மாவு பதம்கூடத் தெரியும், நான் சொல்லிக்கொடுத்தேன். பதினோரு வருஷம் என் வீட்டில் இருந்தாள். பிறகு ஏன் நின்றாள் என்று கேட்டாய் பார், அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. இந்தச் சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் நம் ஊர்க்காரிகள் எட்டுப் பேர் இருக்கிறோம். எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொல்லியிருப்பார்கள். என் வாயால் கேட்டுவிட்டுப் போ.

லாமாம்பா என்பது பெயர் இல்லை, அது முதலில் தெரிந்துகொள். மாம்பா குடும்பத்து மகள் என்று அர்த்தம். இந்த சுவாசிலாந்து ஜனங்களில் ஒருத்தி கல்யாணம் கட்டி எங்கே போனாலும் அப்பா வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் இருபத்திரண்டு வருஷமாக மிஸஸ் சிதம்பரநாதன். மங்கையர்க்கரசி என்று எனக்கொரு பெயர் இருப்பது பாஸ்போர்ட்டுக்குத்தான் தெரியும். அது போகட்டும். இங்கே பெண்பிள்ளையைப் பார்த்து மரியாதையாகக் கூப்பிட ‘மாகே’ என்பார்கள், அம்மா என்று. உன்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். நீ சும்மா ‘ம்’ என்று சொன்னால் போதும்.

அவளுக்கு ஒரு மகள், பிந்திலே. நித்திலா வயது. அப்பன் ஜோஹானஸ்பர்க் பக்கம் சுரங்கத்தில் வேலை பார்த்து, அங்கேயே இறந்துபோனான். பின்கட்டு அறையில் தாயும் மகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏழாம் வயதிலிருந்து நான்தான் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் நாலரை மணிக்குச் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்து, சத்தமாகப் படி என்பேன். நித்திலாவைவிட நன்றாகப் படிப்பாள். நர்ஸிங் போக வேண்டும் என்று ஆசை. இந்த வருஷம் கடைசிப் பரீட்சை. பதினாறாம் தேதி ஆரம்பம்.

ஆரம்பம்தான். எழுதுவாளா என்று கேட்காதே, அங்கேதான் வருகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் இந்த ஊரில் நாணல் திருவிழா. உம்லாங்கா என்பார்கள். உன் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார், டூரிஸ்ட் புத்தகத்தில் எல்லாம் படம் போடுகிறார்களே. கல்யாணமாகாத பெண்கள் நாடு முழுக்க இருந்து கிளம்பிப் போவார்கள். லாரி லாரியாகப் போவார்கள். ஆற்றங்கரையில் நாணல் வெட்டி, ஆளைவிட இரண்டு பங்கு உயர நாணல், அதைத் தோளில் சுமந்து வந்து ராஜமாதா வீட்டு வேலிக்குக் கொடுப்பார்கள். காற்றைத் தடுக்கிற வேலி. பிறகு இரண்டு நாள் ஆட்டம். பிந்திலே பத்து வயதிலிருந்து போகிறாள். திரும்பி வந்து, முதுகு உரிந்திருக்கும், குரல் கட்டியிருக்கும், அந்தக் குரலில் நித்திலாவுக்குக் கதை சொல்வாள். பள்ளிக்கூட வகுப்பறையில் வரிசையாகப் படுத்தோம், ஒருத்தி தூக்கத்தில் பாடினாள், மற்றவர்களும் எழுந்து பாடினோம், காவலுக்கு வந்த மாமா அடிக்க வந்தார் என்று. நான் கேட்டதில்லை. பாத்திரம் கழுவும் சத்தத்தில் காதில் விழுந்ததுதான்.

உடுப்புதான் எனக்கு ஆகாது. இடுப்பில் ஒரு சாண் பாசிமணிப் பாவாடை. காலில் சலங்கை, ஏதோ பூச்சிக்கூட்டுக்குள் பொடிக்கல் போட்டுக் கோத்தது. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டி, அதன் ஓரத்தில் கம்பளிக் குஞ்சம். அவ்வளவுதான். மேலே வேறு ஒன்றும் கிடையாது. ராஜா பார்க்க, ஊர் பார்க்க, கேமராக்காரன் பார்க்க.

நான் பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் படித்தவள். காலை அசெம்பிளியில் சிஸ்டர் எமரன்ஷியா ஸ்கேலோடு வருவாள். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் பாவாடை இல்லையென்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். தையலும் குரோஷாவும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். வாய் பேசாமல் ஊசியைப் பார் என்பாள். இன்றைக்கும் நான் தைத்தால் தையல் தெரியாது, இந்தத் திரைச்சீலையைப் பார்.

அதனால் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். “பிந்திலே, நர்ஸ் ஆகப்போற பொண்ணு, மேல ஒரு பிளவுஸ் போட்டுக்கிட்டு ஆடினா ராஜா வேண்டாம்னா சொல்லிடுவார்?” அவள் சிரிப்பாள். “ஆன்ட்டி, அங்க எல்லாரும் அப்படித்தான். யாரும் யாரையும் பார்க்கறதில்ல” என்பாள். யாரும் பார்க்காததற்கு ஏன் ஆடுவது என்று கேட்டேன். அதற்கும் சிரிப்பு.

நித்திலா சும்மா இருப்பாளா. டெர்ம் லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள், தலைநகரம் ம்பபானேயில் படிக்கிறாள், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, “அம்மா, நான் வயசுக்கு வந்தப்ப திருநெல்வேலியில மண்டபம் பிடிச்சு, என் போட்டோவைப் போட்டு பிளெக்ஸ் போர்டு வெச்சது யாரு? ஜங்ஷன்ல, பஸ் ஸ்டாண்டு எதிர்ல. மாமா, சித்தப்பா, அவங்க ஆபீஸ்காரங்க எல்லாரும் வரிசையில வந்து பார்த்துட்டு மொய் எழுதிட்டுப் போனாங்க. அது அசிங்கமில்ல, இது அசிங்கமா?” என்றாள்.

அது வேறு. உனக்குத் தெரியும், அது வேறு. பட்டுப்புடவை, நகை, அலங்காரம், எல்லாம் மூடித்தானே உட்கார வைத்தோம். அவள் மூன்று நாள் அழுதாள் என்பது உண்மைதான். எல்லாப் பிள்ளையும் அழும்.

இந்த வருஷம் என்ன ஆயிற்று என்றால், கிளம்ப இரண்டு நாள் முன்னால் லாமாம்பா அந்தப் பட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓரம் பிரிந்திருந்தது. “மாகே, மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டித் தர்றீங்களா” என்று கேட்டாள். இரண்டு கையாலும் நீட்டினாள், எதைக் கொடுத்தாலும் இவர்கள் இரண்டு கையால்தான் கொடுப்பார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஓரம் தைக்கச் சொன்னாள். தைத்தேன். தைக்கும்போது பார்த்தால் குஞ்சம் எல்லாம் சாயம் போய், சிக்குப் பிடித்து, பழைய மாப்புத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. என் பெட்டியில் கம்பளி நூல் மிச்சம் இருந்தது. அரக்கும் மஞ்சளும். நித்திலா கட்டிலுக்கு விரிப்புப் பின்னியதில் மீந்தது. அதே நிறத்தில் ஒரு பிளவுஸ் பிட்டும் இருந்தது, அரக்கில் மஞ்சள் கரை. எனக்குத் தோன்றிவிட்டது. உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் பிந்திலே அளவுக்குப் பிளவுஸ் வெட்டித் தைத்தேன். கை வைத்து, கழுத்து உயர்த்தி, லட்சணமாக. பிளவுஸுக்கு மேட்சிங்காக இருக்கட்டும் என்று பழைய குஞ்சத்தைக் கத்தரித்துப் போட்டுவிட்டு அரக்கும் மஞ்சளுமாகப் புதுக் குஞ்சம் கட்டினேன். பதினெட்டு குஞ்சம். ஒவ்வொன்றும் ஒரே அளவு. நம் பக்கம் கல்யாணப் பட்டுக்கு வைக்கிற நிறம் அது, பார்க்கவே மங்களகரமாக இருந்தது.

நித்திலா அந்தப் பக்கம் போனவள் நின்று பார்த்தாள். “எதுக்கு அதை வெட்டறே? பிந்தியைக் கேட்டியா?” என்றாள். “குப்பையைக் கழிக்கக் கேக்கணுமா” என்றேன். அவள் போனில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அவள் அங்கேயே நின்று தடுத்திருக்கலாம். அதை அவள் சொல்வதில்லை.

பிளவுஸையும் பட்டியையும் மடித்து, பழைய நியூஸ் பேப்பரில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, பிந்திலே பையில் நானே அடியில் வைத்தேன். அங்கே போய்ப் பிரித்தால் சந்தோஷப்படட்டும் என்று. காலை ஐந்து மணிக்கு லாரி வந்தது. பிந்திலே என் முன்னால் முழங்கால் போட்டு, போய்வருகிறேன் என்றாள். தலையைத் தொட்டேன்.

இனிமேல் நடந்தது எனக்கு லாமாம்பாவும் நித்திலாவும் சொல்லித் தெரியும்.

நாணல் வெட்டி, சுமந்து, ஆட்ட நாள் காலையில் வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் உடுத்திக்கொண்டிருக்கும்போதுதான் அவள் அந்தப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறாள். சுற்றிலும் நாற்பது பெண்கள். குஞ்சத்து நிறத்துக்கு ஓர் அர்த்தம் உண்டாம். கல்யாணப் பேச்சு முடிந்த பெண், முடியாத பெண் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்களாம். அவர்கள் பக்கத்தில் எந்த நிறம் எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நான் கட்டியது பேச்சு முடிந்த பெண்ணுடையது. அது மட்டும் இப்போது தெரியும்.

ஏழு வருஷம் என் வீட்டுப் பின்கட்டில் அந்தப் பட்டி கொடியில் காய்ந்தது. ஒருத்தராவது சொல்லியிருக்கலாம் இல்லையா? கேட்டால்தானே சொல்வார்கள் என்கிறாள் நித்திலா.

பிந்திலே பயந்துபோய்ப் பட்டியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டாள். அதுதான் வினை. அதைப் போட்டுக்கொண்டு ஆடியிருந்தால்கூட, ஏதோ தெரியாமல் செய்தது என்று போயிருக்கும். மறைத்தாள் பார், அப்போது எல்லாப் பிள்ளையும் பார்த்துவிட்டது. ‘பிந்திலேவுக்குப் பேசி முடிச்சாச்சு, வீட்டுக்குத் தெரியாது, அதான் ஒளிக்கிறா’ என்று ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய். பட்டி இல்லாமலே போய் நின்றாள். கூட்டத் தலைவியான பெண் வரிசையிலிருந்து அவளை விலக்கி நிற்க வைத்துவிட்டாள். ஏழு வருஷமாக ஆடினவள், அந்த இரண்டு நாளும் வெயிலில் ஓரமாக நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், “பிளவுஸ் பிடிச்சிருந்ததா?” என்று. “பிடிச்சிருந்தது ஆன்ட்டி. தேங்க்யூ” என்றாள். அவ்வளவு மரியாதை அவளுக்கு. நான் வளர்த்த பிள்ளை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. நித்திலா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இவர் ஆலையில். வீட்டில் மிஸஸ் வாசுதேவனும் அந்த ராஜபாளையத்துக்காரி உஷாவும் நவராத்திரி கொலுவுக்கு யார் வீட்டில் எத்தனை படி என்று பேச வந்திருந்தார்கள். அடுப்பில் பருப்பு. வாசலில் ஒரு பிக்-அப் வந்து நின்றது.

பிந்திலேயின் பெரியப்பா. சிமெலானே என்று குடும்பப் பெயர். லவுமிசா போகிற ரோட்டில் மாடு கன்றோடு இருக்கிறார். பேன்ட் சட்டைக்கு மேலே சிவப்புத் துணியைக் குறுக்கே போர்த்தி, கையில் கம்பு. கூட இன்னொருவர், தம்பியோ பங்காளியோ. பின்னால் பிந்திலே. லாமாம்பா சமையலறையில் என் பக்கத்தில் நின்றவள், கப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

ஹாலில் மிஸஸ் வாசுதேவனும் உஷாவும் உட்கார்ந்திருந்ததால் வந்தவர்களுக்குக் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னேன். நிழல்தானே. அதுவும் ஒரு குற்றம் என்று பிறகு நித்திலா கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

பெரியவர் உட்கார்ந்து, நலம் விசாரித்தார். மழையைப் பற்றிக் கேட்டார். கரும்பு வெட்டு எப்படிப் போகிறது என்று கேட்டார். இவருடைய உடம்பைப் பற்றிக் கேட்டார். எனக்கோ உள்ளே பருப்பு. இப்படி இருபது நிமிஷம். எதையும் நேராகக் கேட்காத ஜனங்கள், எனக்கு அதுதான் பொறுக்காது. நான் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தேன், உட்காரவில்லை.

கடைசியில், தலையிலிருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் கேட்டார்.

“மாகே, எங்க வீட்டுப் பிள்ளையோட பட்டியில குஞ்சம் மாறியிருக்கு. யாரோ பையன் பேசி வெச்சிருக்கான்னு ஊர்ல சொல்றாங்க. பிள்ளையைக் கேட்டா, இல்ல, அந்த வீட்டு அம்மாதான் அன்பா புதுசு கட்டிக் கொடுத்தாங்கன்னு சொல்றா. நாங்க சண்டைக்கு வரலை. உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம். அப்படித்தானா?”

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேச்சு நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. மிஸஸ் வாசுதேவனைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? ‘நீங்க அந்த ஆட்களை ரொம்ப உள்ள விடறீங்க மங்கை’ என்று வருஷம் முழுக்க எனக்குப் பாடம் எடுக்கிறவள். அவள் காதை ஜன்னலில் வைத்திருக்கிறாள். இங்கே ஒரு மனுஷன் கம்பும் கையுமாக என்னை விசாரணை பண்ணுகிறார். என் வீட்டில். எங்கள் ஆலைக்காரர்கள் கார் நிற்கிற இடத்தில்.

நான் சொன்னேன். “வேலைக்காரங்க துணியை நான் தொடறதில்லை.”

இங்கிலீஷில்தான் சொன்னேன். நல்ல இங்கிலீஷ். ஒரு வார்த்தை பிசகவில்லை.

யோசித்துச் சொன்னதல்ல. வந்துவிட்டது. மூன்று விசில் முடிந்து நாலாவது வந்தது, அது ஞாபகம் இருக்கிறது. பெரியவர் என்னையே பார்த்தார். பிந்திலே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. நிமிர்ந்து, “ஆன்ட்டி, நீங்கதானே” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஆமாம் என்றிருப்பேனோ என்னவோ. சொல்லவில்லை. பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

“சரி மாகே. நன்றி” என்றார் அவர். எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் இவருக்கு விசாரிப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிந்திலேவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். யாரென்று தெரிகிறவரை, அந்தப் பையன் வந்து நிற்கிறவரை, பிள்ளை எங்களோடு இருக்கட்டும் என்றாராம் லாமாம்பாவிடம். அடிக்கவில்லை, திட்டவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கொம்பி மாற வேண்டும், வேனைத்தான் இங்கே கொம்பி என்பார்கள், தனியாக அனுப்ப மாட்டோம் என்கிறார்கள்.

நான் உள்ளே வந்தேன். மிஸஸ் வாசுதேவன், “நல்லாச் சொன்னீங்க” என்றாள். ஏழு படி வைக்கலாம் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை லாமாம்பா வழக்கம்போல் ஏழு மணிக்கு வந்தாள். எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பு மேடையைத் துடைத்தாள். ஏப்ரனைக் கழற்றி மடித்து, அதன்மேல் பின்கட்டுச் சாவியை வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

“மாகே, என் மகள் பொய் சொல்ல மாட்டா. நீங்களும் பொய் சொல்ல மாட்டீங்க. அப்போ நான் எந்த வீட்டுல நிக்கறது?”

குரலை உயர்த்தவில்லை. கேட்டுவிட்டு நின்றாள். நான் பதில் சொல்லட்டும் என்று நின்றாள் என்று பிறகுதான் புரிந்தது. நான், “இந்த மாசச் சம்பளத்தை ஐயாகிட்ட வாங்கிக்கோ” என்றேன். போய்விட்டாள்.

நித்திலாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, ஹாஸ்டலிலிருந்து, எங்களைக் கேட்காமல், அந்த யூனிஃபார்மோடு மூன்று கொம்பி மாறி லவுமிசா ரோட்டுக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெரியவர் முன்னால் இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி முழங்கால் போட்டு, “அம்மாதான் மாத்தினாங்க, நான் பார்த்தேன்” என்று சொல்லியிருக்கிறாள். என் மகள். அவர் கேட்டுக்கொண்டாராம். சோளக் களியும் கீரையும் கொடுத்துச் சாப்பிட வைத்தாராம். பிறகு, “நீ நல்ல தோழிம்மா. ஆனா உன் அம்மா எங்கிட்ட வேற சொன்னாங்க. தாய் சொன்னதைப் பிள்ளை வாயால நான் திருப்ப முடியாது. அவங்களை வரச் சொல்லு” என்று சொல்லி, ஆள் போட்டு வண்டி ஏற்றி அனுப்பினாராம். பிந்திலே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினாளாம். புத்தகங்களை வாங்கி வரச் சொன்னாளாம்.

அங்கிருந்து நேரே இங்கே வந்தாள். துடைத்த தரையில் ஷூ. முதலில் சொன்னேனே, அதுதான்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று கேள். “சாப்பிட்டியா?” என்றேன். சாப்பிட்டேன் என்றாள். “அவங்க வீட்டுலயா?” என்றேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இவர்தான் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார். மூன்று வாரமாக வீட்டுக்கு வரவில்லை. இவரிடம் போனில் பேசுகிறாள், சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள், எனக்கு இங்கே கேட்கும். அம்மாகிட்டக் குடுக்கவா என்று கேட்பார். பிறகு வைத்துவிடுவார்.

அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சுபாவம் அப்படி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, “வண்டியை எடுக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டார். எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு மாவு அரைக்க வேண்டியிருந்தது. இன்னொரு ஞாயிறு என்னவோ. அவரோடு எப்படிப் போவது சொல்? அவருக்குக் கீழே ஆலையில் அறுபது பேர். அவர்களில் சிமெலானே எத்தனை பேரோ. நான் அங்கே போய் அதைச் சொல்லும்போது அவரும் பக்கத்தில் நிற்க வேண்டும் இல்லையா.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மேகலா. அதுதான் உண்மை. கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அழுகை வருகிறதா என்று ஒரு நாள் மத்தியானம் அந்தப் பின்கட்டு அறையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். காலியாக இருந்தது. சுவரில் நான் எழுதிக்கொடுத்த இலக்கண அட்டவணை ஒட்டியிருந்தது. அரை மணி உட்கார்ந்தேன். வரவில்லை. எழுந்து வந்து ரசத்துக்குப் புளி கரைத்தேன். கொலு வைத்தேன். ஏழு படிதான். எல்லோரும் வந்து நன்றாக இருக்கிறது என்றார்கள். சுண்டலில் உப்பு போட்டேனா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. ஒருத்தியும் சொல்லவில்லை.

நாலரை மணி ஆனால் மட்டும் அந்த ஸ்டூலை இழுத்துப் போடுகிறேன். கை போடுகிறது. பிறகு எடுத்து வைக்கிறேன்.

லாமாம்பாவை நீ தாராளமாக வைத்துக்கொள். நல்லவள். நான் சொன்னேன் என்று சொல்லாதே. இல்லை, சொன்னாலும் சரி. டீ ஆறிவிட்டதே, வேறு போடட்டுமா? வேண்டாமா. சரி.

ஒன்று கேட்கிறேன். உன் வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட் இல்லை என்று இவர் சொன்னார். நீயும் ஊரைச் சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கும். லவுமிசா ரோட்டில் ஒரு மணி நேரம், நல்ல ரோடுதான். இரண்டு பேரும் போய் அந்தப் பெரியவரைப் பார்த்து, நீ புதிதாக வந்தவள், உனக்கு யாரோடும் ஒன்றும் இல்லை, நீ சொன்னால் கேட்பார், மிஸஸ் சிதம்பரநாதன்தான் அந்தக் குஞ்சத்தை மாற்றினாள், தெரியாமல் மாற்றினாள், பிள்ளை சொன்னது நிஜம், பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை. உட்கார வைத்து மழையைப் பற்றிக் கேட்பார். கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

என்ன, ஆறின டீயையே பார்க்கிறாய்.

நான் சொன்னதை இன்னொருத்தி போய்த் திருப்ப முடியாது என்கிறாயா? நீ ஒன்றும் சொல்லவில்லை. சரி. நித்திலாவையே திருப்பி அனுப்பினவர்தான். உன்னையும் சோறு போட்டு அனுப்புவார்.

அப்படியென்றால் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன். நீ கூட வா, அது போதும். இவர் வேண்டாம், நித்திலா வேண்டாம். நீ உள்ளேகூட வர வேண்டியதில்லை, அந்த வேலிக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திரு. நான் திரும்பிப் பார்த்தால் ஓர் ஆள் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அங்கே பெரியவர்கள் முன்னால் பெண்பிள்ளைகள் பாயில்தான் உட்காருவார்கள். எனக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். அதற்காவது.

செருப்பு அந்தப் பக்கம் கிடக்கிறது, பார். கதவு கொஞ்சம் இறுக்கும், மேலே தூக்கி இழு.

மேகலா, சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் நான் தயாராக இருப்பேன். நீ வருவாயா என்று கேட்டேன்.